தவறு செய்ய ஓர் இடம்

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு நாள் நாம் சேர்வராயன் மலைக்குச் சென்றிருந்தோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் ஊடே செல்லும் பாதையைப் பற்றினால் வாழவந்தி என்னும் ஊரை அடையலாம். அது காப்பிப் பழம் சிவக்கும் பருவம். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மாலைப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் பழம் பறித்த ஆண்களும் பெண்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நம்மை அழைத்திருந்தவர் அங்கே இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவர். அவருடைய தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர். பங்கு ஆலயத்தின் பாடகர் குழுவில் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்து வருபவர். இப்போது மலைக்குளிரில் அவருடைய விரல்கள் மடங்க மறுக்கின்றன. தமக்குப்பின் அந்தப் பெட்டியின்முன் அமர வேண்டியவள் தம் பேத்தியே என்று அவர் தீர்மானித்திருந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமியும் இரண்டு ஆண்டுகளாக விருப்பத்தோடுதான் கற்று வந்தாள். ஆனால், கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு ஐந்து வாரங்களே இருந்த நிலையில், தான் ஆலயத்தில் வாசிக்கப் போவதில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

“பிள்ளைக்கு அக்கறை இல்லை, ஐயா. அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார மாட்டேன் என்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார் தந்தை.

அறிவுரை சொல்வது எளிது. எனினும், சிறுமி எப்படிப் பயிற்சி செய்கிறாள் என்பதை முதலில் பார்க்க விரும்பினோம். அவளை வழக்கம்போல் வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு மூலையில் அமர்ந்துகொண்டோம்.

இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சமையற்கட்டு வாயிலுக்கும் இடையே பாய் விரித்து, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அவள் அமர்ந்தாள். வாசிக்கத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் தாய் உள்ளிருந்து குரல் கொடுத்தார். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எழுந்து சென்று திரும்பினாள். தம்பி தொலைக்காட்சியைப் போட்டான். அவனை அதட்டி நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டார் ஒருவர் வந்தார். அவர் உள்ளே செல்வதற்காகச் சிறுமி பெட்டியை நகர்த்தி வழிவிட்டாள். தந்தையின் கைபேசி ஒலித்தது. அது சிறுமியின் அருகில்தான் கிடந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள். கடைக்குப் போய் வர வேண்டும் என்று தாய் அழைத்தார். இவை யாவற்றையும்விட ஒன்றை நாம் கவனித்தோம். சிறுமியின் விரல் தவறான கட்டையைத் தொட்ட ஒவ்வொரு முறையும், திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார், “அங்கே தப்பு, கண்ணு! முதலிலிருந்து வாசி” என்று கூறினார். அவர் கோபமாகக் கூறவில்லை. மிகுந்த அன்போடுதான் கூறினார். ஒவ்வொரு முறையும் அவள் பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். இருபது நிமிடங்களில் அவளுடைய பயிற்சி 11 முறை தடைப்பட்டது. அவற்றுள் ஐந்து முறை தடுத்தது பாட்டனாரின் குரலே. பாட்டின் சரணத்தை அவள் ஒருமுறைகூட எட்டவில்லை.

அன்பு வாசகர்களே, அக்கறை இல்லாதவள் இந்தச் சிறுமிதானா?

“ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்” என்பார்கள் நம் முன்னோர். மாட்டிற்கே அதன் போக்கை அறிந்து இடங்கொடுக்கும் நாம், பிள்ளைகளின் இசைப் பயிற்சிக்கு மட்டும் வழிநடையிலே பாயை விரித்துவிட்டு, ‘கவனம் வேண்டும், கவனம் வேண்டும்’ என்று கடிந்துகொள்கிறோம். கவனம் என்பது பிள்ளையின் உள்ளத்தில் மட்டும் விளைகின்ற பயிர் அன்று. அதற்கு வேலி வேண்டும். அந்த வேலியைக் கட்ட வேண்டியவர்கள் வீட்டார்.

இசைவாணர்கள் தினப்பயிற்சியைச் ‘சாதகம்’ என்று அழைக்கிறார்கள். குருவின்முன் அமர்ந்து கேட்டுக்கொள்வது பாடம். பெற்ற பாடத்தைத் தனியே அமர்ந்து கையிலும் குரலிலும் படிய வைப்பது சாதகம். இரண்டும் வெவ்வேறு. பாடத்தின்போது தவறு திருத்தப்பட வேண்டும். சாதகத்தின்போதோ, மாணவர் தம் தவற்றைத் தாமே கேட்க வேண்டும். தாமே நின்று, தாமே திருத்த வேண்டும். பிறர் ஒருவர் அந்த வேலையைச் செய்துவிட்டால் மாணவரின் காது வளராது. அதுமட்டுமன்று, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் இருக்கும்வரை, வரும் பகுதியையே திரும்பத் திரும்ப வாசிக்கத் தோன்றும், வராத பகுதியைத் தொட அச்சம் பிறக்கும். வராத பகுதியைத் தொடுவதற்குத்தானே பயிற்சி? ஆகவே, இசை பயிலும் பிள்ளைக்கு வீட்டில் முதலாவதாக வேண்டுவது, யாரும் கேளாத நிலையில் தவறு செய்வதற்கு ஓர் இடம்.

இதற்கு மேல்நாட்டு இசை வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுவோம். 1732-ஆம் ஆண்டு ஆஸ்திரிய நாட்டில் ஒரு வண்டிச்சக்கரத் தச்சரின் மகனாகப் பிறந்தவர் யோசேப்பு ஹைடன். வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடகர் குழுச் சிறுவனாக வளர்ந்தார். குரல் உடைந்ததும் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். கையில் பொருளில்லாத அந்த இளைஞருக்கு, நகரின் நடுவே உயர்ந்ததொரு வீட்டின் உச்சியில், கூரையை ஒட்டிய ஓர் அறை கிடைத்தது. குளிர்காய அடுப்பில்லை; மழை ஒழுகும். அங்கே பூச்சி அரித்த பழைய விசைப்பலகைக் கருவி ஒன்றின்முன் அமர்ந்து அவர் பயின்றார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய பின்னர் அந்நாள்களை நினைவுகூர்ந்தபோது, அக்கருவியின்முன் அமர்ந்திருக்கையில் தாம் எந்த மன்னர்மீதும் பொறாமை கொண்டதில்லை என்றார். இசை அமைக்கையில் தடை ஏற்பட்டால் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அறையில் உலாவுவது அவருடைய வழக்கம் என்பதையும் அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

ஹைடனுக்கு ஒழுகும் கூரையே போதியதாயிருந்தது. ஏன்? அங்கே அவரைக் குறுக்கே யாரும் அழைக்கவில்லை. வசதி வேறு, தனிமை வேறு என்பதை நாம் உணர வேண்டும். பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் உள்ள வீடுகளிலும் பயிற்சிக்கு இடமில்லாமல் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. ஓட்டு வீட்டின் ஒரு மூலையில் நன்றாகப் பயிலும் பிள்ளைகளும் உண்டு.

மீண்டும் வாழவந்திக்கு வருவோம். அந்த வீட்டில் வேறு இடம் உண்டா என்று கேட்டோம். “பின்பக்கத்தில் மூட்டை போடும் அறை ஒன்றுதான் இருக்கிறது. அதில் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது?” என்றார் தாய். சென்று பார்த்தோம். எட்டடி நீளம், ஆறடி அகலம். ஒரு சிறு சன்னல். களத்தில் உலர்த்திய காப்பிக்கொட்டை மூட்டைகள் ஒரு சுவர் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. நாம் உள்ளே நின்று கைதட்டிப் பார்த்தோம். ஒலி எழுந்த இடத்திலேயே அடங்கியது. முன்னறையிலோ கைதட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் மோதி அலைந்தது.

காரணம் எளிது. சிமெண்டுத் தரையும் பூசிய சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. வாசித்த சுரத்தின் எதிரொலி அடுத்த சுரத்தின்மேல் விழுவதால், பிழை எங்கே நேர்ந்தது என்று பயில்பவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. மென்மையான, தடித்த பொருள்கள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். கோணிமூட்டை, கம்பளி, பாய், மெத்தை, துணி தொங்கும் கொடி, புத்தகம் அடுக்கிய அலமாரி யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. காப்பி மூட்டைகள் அந்த ஏழைச் சிறுமிக்குப் பெரிய இசைக்கூடங்களில் செய்யும் ஏற்பாட்டைத் தாமாகவே செய்து வைத்திருந்தன!

இங்கே ஒன்றைக் கூறிவிட வேண்டும். சுவரில் கம்பளி தொங்கவிட்டால் ஒலி வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை வைக்கும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவாரும் உண்டு. இவை அறைக்குள் எதிரொலியை ஓரளவு குறைக்குமேயன்றி, ஒலி வெளியேறுவதைத் தடுக்க மாட்டா. ஒலியை உண்மையில் தடுப்பது கனமான சுவரும், இடைவெளியின்றி மூடும் கதவுமே ஆகும். கதவின் அடியில் ஒரு விரற்கடை சந்து இருந்தாலும் ஒலி அதன் வழியே வந்துவிடும். பழைய துணியை நீளமாகச் சுருட்டித் தைத்து, கதவடியில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். தகரக் கூரையின்கீழ் மழைநாளில் பயிற்சி நடவாது; மலைவாழ் மக்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அறை கிடைத்துவிட்டது. ஆனால் கருவிக்கு அது ஏற்றதா? பாட்டனார் இதைத்தான் முதலில் கேட்டார். “ஈரம் பட்டால் கட்டை ஊதிக்கொள்ளும், எலி இருந்தால் துருத்தியைக் கடித்துவிடும்” என்று அவர் கவலைப்பட்டது முற்றிலும் சரியே. ஆர்மோனியம் என்னும் கருவி 1842-இல் பாரிசு நகரில் தெபேன் என்பவரால் உரிமைப்பதிவு செய்யப்பட்டது. காலால் மிதித்து வாசித்த அதனை, நம் நாட்டாருக்கு ஏற்பத் தரையில் அமர்ந்து கையால் துருத்தியை இயக்கி வாசிக்குமாறு மாற்றி அமைத்தவர்கள் கல்கத்தாக் கைவினைஞர்கள். மரமும் தோலும் உலோக நாக்குகளும் சேர்ந்த அப்பெட்டிக்கு ஈரமும் தூசியும் பெரும்பகை. ஈரத்தில் மரக்கட்டைகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டும். நாக்கில் தூசி படிந்தால் அந்தச் சுரம் ஊமையாகும்.

ஆகவே பாட்டனாரின் மேற்பார்வையிலேயே ஏற்பாடுகள் நடந்தன. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு பலகை அமைக்கப்பட்டது. அதன்மேல் பெட்டி; பெட்டிக்குத் தடித்த துணியுறை; பூச்சிகளை விலக்க நிழலில் உலர்த்திய வேப்பிலை. வெயில் அடிக்கும் நாள்களில் சன்னலைத் திறந்து காற்றாட விட வேண்டும். பெட்டியை நேர்வெயிலில் வைக்கலாகாது. அடுப்பங்கரைச் சுவரை ஒட்டியும் வைக்கலாகாது. வயலின், கித்தார் முதலிய நரம்புக் கருவிகளை வைத்திருப்போரும் இதைக் கருத்தில் கொள்க: காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருப்பது அவற்றிற்கு நலம். மலையின் மழைமாதங்களில் அது மிகுந்துவிடும். அக்காலத்தில் கருவியைப் பெட்டியில் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே இடுக. வயலின் வில்லின் இழைகளை வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுக.

இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடிந்தது. கடினமானது பிறகுதான் வந்தது.

குடும்பத்தார் அனைவரையும் அமர்த்தி, நாள்தோறும் மாலை ஆறு மணி முதல் ஆறரை வரை அந்த அறை சிறுமியுடையது என்று முடிவு செய்தோம். அந்த அரை மணியில் அவளை யாரும் வேலை ஏவுவதில்லை. தொலைக்காட்சி இயங்குவதில்லை. கைபேசி அறைக்குள் செல்வதில்லை. சுருதிக்காகவோ தாளத்திற்காகவோ கைபேசி தேவைப்பட்டால், அழைப்பும் செய்தியும் வராதபடி செய்து கொடுக்க வேண்டும்.

தாய் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “காப்பி எடுக்கிற காலம், ஐயா. நான் காட்டிலிருந்து வருவதே ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் அவள் கைகொடுக்காவிட்டால் நான் என்ன செய்வேன்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தாயின் களைப்பைக் காணாமல் மகளின் கலையை மட்டும் பேசுவது அறமாகாது. அப்போது நாம் தந்தையைப் பார்த்து ஒன்று கேட்டோம்: “இசை பயில்வது மகளாக இல்லாமல் மகனாக இருந்தால், பால் பொங்குவதைப் பார்க்க அவனை அழைப்பீர்களா?” அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், மறுநாளிலிருந்து அந்த அரை மணி நேரம் அடுப்படியில் தாம் நிற்பதாக ஒப்புக்கொண்டார். தம்பிக்குத் தண்ணீர் எடுத்து வைக்கும் வேலை தரப்பட்டது. நம் வீடுகளில் பெண்மக்களின் பயிற்சிக்குக் குறுக்கே நிற்பது பல வேளைகளில் இடமின்மை அன்று. அவர்களுடைய நேரம் அனைவருக்கும் உரியது என்ற எண்ணமே.

எஞ்சியவர் பாட்டனார். “சாதகம் செய்யும்போது தாங்கள் திருத்தக் கூடாது” என்று அவரிடம் சொல்வது நமக்கும் எளிதாயில்லை. அவருடைய முகம் வாடியது. “நான் சொல்லிக் கொடுக்காமல் வேறு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?” என்றார். பாடம் வேறு, சாதகம் வேறு என்பதை எடுத்துரைத்தோம். புதனும் ஞாயிறும் அவர் பாடம் சொல்லும் நாள்கள். அப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தித் திருத்தலாம். மற்ற நாள்களில் அவள் தனியே பயில்வாள். நீண்ட நேரம் அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூறினார்: “நான் சிறுவனாக இருந்தபோது ஆலயத்தில் யாருமில்லாத நேரத்தில்தான் பெட்டியைத் தொடுவேன். யாராவது வந்தால் மூடிவிடுவேன். அதை மறந்துவிட்டேன்.”

தனிமை தேடிச் செல்வதில் பிறரன்பும் அடங்கியிருக்கலாம். அமெரிக்க நாட்டின் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ், 1959-ஆம் ஆண்டு, புகழின் உச்சியில் இருந்தபோதே தம் வாசிப்பில் நிறைவு காணாமல் மேடையை விட்டு விலகினார். நியூயார்க்கில் அவருடைய வீட்டுக்கு அருகில் ஒரு பெண் கருவுற்றிருந்தார். அவருக்குத் தம் கருவியின் பேரொலி இடையூறாகும் என்று எண்ணிய ராலின்ஸ், வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்று பயின்றார். 1961 வரை, குளிரிலும் வெயிலிலும், நாள்தோறும் பல மணி நேரம் அங்கேயே சாதகம் செய்தார். 1962-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுக்குப் ‘பாலம்’ என்றே பெயரிட்டார். பிள்ளையின் பயிற்சிக்காக வீட்டார் மௌனம் காக்க வேண்டும். அதே வேளையில், பயில்பவரும் அயலாரின் உறக்கத்தை, நோயாளியின் ஓய்வை, தேர்வுக்குப் படிக்கும் மாணவனின் நேரத்தை மதிக்க வேண்டும். அடுத்தடுத்த வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆர்மோனியத்தைத் திறப்பது பக்தியாகாது. அண்டை வீட்டாரிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வதே முறை. மின்விசைப்பலகை வாசிப்போர் ஹெட்போன் அணிந்து பயிலலாம். ஆனால் ஒலியை மிகக் குறைவாக வைக்க வேண்டும். காது ஒருமுறை கெட்டால் மீளாது.

தை மாதத்தில் நாம் மீண்டும் வாழவந்தி சென்றோம். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் ஐந்து பாடல்களுள் இரண்டைச் சிறுமி வாசித்தாள் என்று அறிந்தோம். மற்ற மூன்றைப் பாட்டனார் வாசித்தாராம். “காணிக்கைப் பாட்டில் ஓரிடத்தில் தவறிவிட்டது. ஆனால் நிறுத்தாமல் போய்விட்டேன்” என்று அவளே நம்மிடம் சொன்னாள். முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்திலிருந்து செல்லக் கற்றுக்கொண்டாள் அல்லவா? அதுதான் மூட்டை அறை அவளுக்கு அளித்த பாடம். பாட்டின் வராத நான்கு சுரங்களை மட்டும் எடுத்து, மெதுவாக, பிழையின்றி மூன்று முறை வரும்வரை வாசித்து, பிறகே அடுத்ததற்குச் செல்லும் வழக்கத்தை அங்கே அவள் ஏற்படுத்திக்கொண்டிருந்தாள். அன்றன்று பயில வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுவரில் குத்தி வைத்திருந்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டோம். காப்பி மூட்டைகளில் பாதி விற்பனைக்குப் போய்விட்டதால் அறையில் எதிரொலி மீண்டும் தலைகாட்டியது. “தாத்தாவின் பழைய கம்பளி இரண்டைக் கட்டியிருக்கிறோம், ஆனாலும் மூட்டை போல வராது” என்று சிறுமி குறைப்பட்டாள். தந்தை அடுப்படியில் நின்றது பதினைந்து நாள்கள்தான் என்று தாய் சிரித்துக்கொண்டே கூறினார். பாட்டனாரைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஆறு மணி அடிக்கும்போது அவர் திண்ணையை விட்டு எழுந்து, களத்தின் மறுகோடியில் உள்ள கல்லில் சென்று அமர்ந்துகொள்கிறார். அங்கிருந்தும் கேட்கிறதா என்று மெல்லக் கேட்டோம். “கேட்கிறது. ஆனால் கேட்காதவன்போல் இருக்கப் பழகுகிறேன். எனக்கும் இது சாதகம்தான்” என்றார்.

மூட்டை அறைகூட இல்லாதவர்களின் நிலை என்ன? தோட்டத்து லைன் வீடுகளில் ஒரே அறையில் ஆறு பேர் வாழும் குடும்பங்கள் உள்ளன. நகரத்தின் குறுகிய வாடகை வீடுகளிலும் நிலைமை அதுவே. அப்பிள்ளைகளுக்கு வீட்டார் எவ்வளவு மனம் வைத்தாலும் தனிமையைத் தர இயலாது. அங்கேதான் பங்குச் சமூகம் முன்வர வேண்டும்.

காசி நகரின் செனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் 1916-இல் பீகார் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவருக்குப் பாடம் சொன்னவர் காசி விசுவநாதர் கோயிலில் செனாய் வாசித்த அவருடைய மாமா அலி பக்ஷ். மாமா பயின்று வந்த பாலாஜி கோயிலின் அறையிலேயே மருமகனும் கங்கைக்கரையில் ஆண்டாண்டுகளாகச் சாதகம் செய்தார். இசுலாமியச் சிறுவனுக்கு ஓர் இந்துக் கோயில் தன் அறையைத் திறந்து கொடுத்தது. 2001-இல் பாரத ரத்னா விருது பெற்ற அம்மேதை, அந்த இடத்தை முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

நமது திருமறையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. எருசலேம் திருக்கோவிலின் பாடகர்கள் கோவிலை ஒட்டிய அறைகளிலேயே தங்கினார்கள் என்றும், அல்லும் பகலும் பாடற்பணிக்கு உரியவர்களாய் இருந்தமையால் வேறு வேலைகளிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்றும் குறிப்பேடு முதல் நூலின் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. பாடகர்க்கு அறை வேண்டும், ஏவல்களிலிருந்து விடுதலையும் வேண்டும் என்பதை அக்காலத்தவரே அறிந்திருந்தனர்! 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடும், பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்குமாறு பணித்துள்ளது. ஆனால், பல பங்குகளில் வாசிக்க ஆளின்றி, பதிவு செய்த பின்னணி இசையை ஒலிபெருக்கியில் போட்டுப் பாடும் நிலை வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று நாம் குறைகூறுகிறோம். அவர்கள் பயில நாம் எங்கே இடம் வைத்தோம்?

மறைக்கல்வி வகுப்பறைகள் வாரத்தில் ஆறு நாள்கள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கப் பங்குப் பேரவை தீர்மானிக்கலாம். பிள்ளைக்கு அரை மணியாக நேரம் ஒதுக்கி, ஒரு பட்டியலைக் கதவில் ஒட்டலாம். பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வர, தாய்மார்கள் இருவர் முறைவைத்து வெளியே அமர்ந்திருக்கலாம். அமர்ந்திருப்போர் செபமாலை செபிக்கட்டும், பூத்தொடுக்கட்டும். தவறு மட்டும் திருத்தாதிருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு சாவியும் ஒரு விளக்கும் போதும்.

வீட்டில் இடம் உள்ள பெற்றோருக்கு இறுதியாக ஓர் எச்சரிக்கை. தனியிடம் என்றதும், பிள்ளையை உள்ளே விட்டு வெளியே தாழிட்டுவிடாதீர்கள். அது சாதக அறையாகாது, சிறையாகும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து வரும் பிள்ளையிடம், ‘எத்தனை முறை வாசித்தாய்?’ என்று கணக்குக் கேட்காமல், சூடாக ஒரு குவளை காப்பி கொடுங்கள்.

இந்த வாரத்தில் ஒரு நாள், உங்கள் பிள்ளை பயிலும் நேரத்தில் ஓரமாக அமர்ந்து, எத்தனை முறை குறுக்கே அழைக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை உங்கள் குரல் என்பதையும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பிறகு மூலையைத் தேடுங்கள். வீட்டில் எங்கேனும் ஒன்று இருக்கும்.